ஆறே முக்கால் அழுகை

என் மகள் பிறந்த பதினெட்டாம் நாள் அது ஆரம்பித்தது. திருநெல்வேலியில் அம்மா வீட்டில் இருந்தேன். பகலெல்லாம் பால் குடித்தாள், தூங்கினாள், கொட்டாவி விட்டாள். சாயங்காலம் விளக்கேற்றி முடித்த கையோடு, ஆறே முக்கால் வாக்கில், திடீரென்று வீறிட்டாள். முகம் செக்கச் செவேலென்று ஆனது. கை இரண்டையும் இறுக மூடிக்கொண்டு, காலை வயிற்றோடு மடக்கி இழுத்தாள், பிறகு விறைப்பாக நீட்டினாள், மறுபடி இழுத்தாள். பால் கொடுத்தால் இரண்டு மடக்கு குடித்துவிட்டு உதறினாள். துணி நனையவில்லை. உடம்பு சுடவில்லை. ஒன்பதேகால் வரைக்கும் அழுதுவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி தூங்கிப்போனாள்.

"ஏட்டி, மத்தியானம் என்னத்தத் தின்ன?" என்று கேட்டாள் ஆச்சி.

உருளைக்கிழங்குப் பொரியல் என்றேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விசாரணை முடிந்து தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. மறுநாள் தட்டில் உருளைக்கிழங்கு இல்லை. ஆனால் ஆறே முக்காலுக்கு அழுகை மட்டும் தவறாமல் வந்தது.

இந்த அழுகைக்குத்தான் மருத்துவர்கள் கோலிக் என்று பேர் வைத்திருக்கிறார்கள். பெருங்குடலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பேர் இது. ஆக, பேர் வைக்கும்போதே பழியைத் தூக்கி வயிற்றின் மேல் போட்டுவிட்டார்கள். நம் ஊர்ப் பேர்களும் அப்படித்தான். வாயு, மாந்தம், குடலேற்றம், உப்புசம் என்று எல்லாமே வயிற்றைச் சுற்றித்தான் வரும். உண்மையில் கோலிக் ஒரு தனி நோய் இல்லை. நன்றாகப் பால் குடித்து, எடையும் ஒழுங்காக ஏறுகிற பிள்ளை, வேறெந்தக் கோளாறும் இல்லாமல், சமாதானப்படுத்த முடியாதபடி திரும்பத் திரும்ப நெடுநேரம் அழுதால், அந்த அழுகைக்குப் பேர் கோலிக்.

1954இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்துக் குழந்தை மருத்துவர் மோரிஸ் வெஸ்ஸல் இதற்கு ஒரு கணக்கு வைத்தார். நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் கோலிக். மனப்பாடம் செய்ய வசதியான கணக்குதான். ஆனால் எந்த அம்மா மூன்று வாரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள்? 2016இல் வந்த, வயிறு குடல் கோளாறுகளுக்கான 'ரோம் நான்கு' என்ற சர்வதேச வரையறை, பிள்ளையைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு அந்த மணிக்கணக்கு வேண்டாம் என்று கைவிட்டது. ஐந்து மாதத்துக்குள் தொடங்கி ஐந்து மாதத்துக்குள் நிற்கிற, காரணம் பிடிபடாத, தேற்ற முடியாத அழுகை. கூடவே காய்ச்சலோ எடைக் குறைவோ வேறு நோயின் அடையாளமோ இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளைக்கு இது வருகிறது. தாய்ப்பால் குடித்தாலும் வரும், புட்டிப்பால் குடித்தாலும் வரும். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்றும் பார்ப்பதில்லை.

காலண்டரில் ஒரு மலை

நான்காவது வாரம் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் பிள்ளையை முழுக்க அவிழ்த்துப் போட்டுத் தலை முதல் கால் விரல் வரை பார்த்தார். எடை போட்டார், ஏறியிருந்தது. "எப்ப ஆரம்பிக்கிறா, எப்ப நிறுத்துறான்னு தினம் குறிச்சு வைங்கம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். மருந்து எழுதித் தராததில் அம்மாவுக்கு வருத்தம்தான்.

அடுக்களைச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். பால் கணக்கு எழுதுகிற காலண்டர். அந்தக் கட்டங்களில் பென்சிலால் குறிக்க ஆரம்பித்தேன். 6.40 – 9.10. 7.05 – 9.30. ஆறாவது வாரம் ஒரு நாள் 6.15 – 10.20 என்று இருக்கிறது. அந்தக் கட்டத்தில் பென்சில் முனை தாளைக் கிழித்திருக்கிறது. எட்டாவது வாரத்தில் எண்கள் சிறுத்துப்போயின. தள்ளி நின்று பார்த்தால் ஏறி இறங்குகிற ஒரு மலை தெரிந்தது.

இந்த மலை என் மகளுடையது மட்டும் இல்லை என்று பிறகுதான் படித்தேன். 1962இல் பெர்ரி பிரேசல்டன் என்ற அமெரிக்க மருத்துவர், 80 கைக்குழந்தைகளின் அம்மாக்களை இதே போல் அழுகைக் கணக்கு எழுதச் சொன்னார். இவை நல்ல ஆரோக்கியமான, சாதாரணப் பிள்ளைகள். இரண்டாவது வாரத்தில் நாளுக்கு ஏறக்குறைய 1 மணி 45 நிமிடம் அழுதவர்கள், ஆறாவது வாரத்தில் 2 மணி 45 நிமிடம் அழுதார்கள். அதன் பிறகு படிப்படியாகக் குறைந்தது. 2017இல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் டீட்டர் வோல்க் குழுவினர் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து, சுமார் 8,700 பிள்ளைகளின் கணக்கைப் பார்த்தார்கள். அங்கே ஆறாவது வாரம் வரை அழுகை நாளுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரமாகவே நின்றது; இறக்கம் அதற்குப் பிறகுதான். 12ஆவது வாரத்தில் அழுகை நாளுக்கு ஒரு மணி சொச்சத்துக்கு இறங்கிவிடுகிறது. கோலிக் என்று சொல்லத்தக்க பிள்ளைகள் அந்த வயதில் நூற்றுக்கு ஒன்று கூட இல்லை.

ஆகவே உச்சி கூர்மையோ தட்டையோ, ஏறக்குறைய எல்லாப் பிள்ளையும் இந்த மலையில் இருந்து இறங்குகிறது. கோலிக் பிள்ளையின் மலை கொஞ்சம் உயரம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு உச்சி தள்ளி வரும். பிறந்த தேதியில் இருந்து எண்ணாமல், பிரசவத்துக்குக் குறித்துக் கொடுத்த தேதியில் இருந்து ஆறு வாரம் எண்ணிக்கொள்ள வேண்டும்.

சரி, ஏன் அழுகிறது? ஒற்றைக் காரணம் எதுவும் இதுவரை நிரூபணமாகவில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்களின் கலவை கோலிக் பிள்ளைகளிடம் வேறு மாதிரி இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நரம்பு மண்டலம் இன்னும் முதிராததால், பகல் முழுதும் வாங்கிய வெளிச்சத்தையும் சத்தத்தையும் பொழுது சாயும்போது தாங்க முடியாமல் போகிறது என்பது இன்னொரு விளக்கம். வாயு? அது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மூன்று மணி நேரம் வாயைத் திறந்து கத்துகிற பிள்ளை காற்றை விழுங்காமல் என்ன செய்யும்? வயிறு உப்புவதும் குசு விடுவதும் பெரும்பாலும் அழுகையின் பின்னால் வருபவை. நாம்தான் வரிசையை மாற்றிப் படித்துக்கொள்கிறோம்.

அம்மாவின் தட்டு

உருளைக்கிழங்குக்குப் பிறகு வாழைக்காய் போனது. அப்புறம் பயறு, கத்திரிக்காய், கொண்டைக்கடலை. ஐந்தாவது வாரத்தில் நான் பூண்டுக் குழம்பும் ரசமும் சோறும் மட்டும் தின்றுகொண்டிருந்தேன். இதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அம்மா குடலில் உண்டாகிற வாயு அங்கேயே இருந்து அங்கேயே வெளியேறும், பாலுக்குள் போகாது. பால் சுரப்பது இரத்தத்தில் இருக்கிற சத்தில் இருந்து. பிரசவித்த உடம்புக்குப் பயறும் கிழங்கும் வேண்டும்; பிள்ளைக்குப் பால் கொடுப்பவளைப் பட்டினி போட்டு யாருக்கும் ஆதாயம் இல்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். பசும்பாலில் உள்ள புரதத்தின் சிறு பகுதி தாய்ப்பாலில் வரக்கூடும்; மிகச் சில பிள்ளைகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. மலத்தில் சளியோ இரத்தக் கீற்றோ, தோலில் கரப்பான் மாதிரி தடிப்போ, ஓயாத வாந்தியோ இருந்தால் மருத்துவர் அம்மாவை இரண்டு வாரம் பால், தயிர், மோர் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம். சொன்னால் மட்டும் செய்தால் போதும். நாளுக்கு ஐந்தாறு டம்ளர் காபி குடிக்கிறவர்கள் அதைக் குறைத்துக்கொள்வதும் நல்லது.

உரம், வசம்பு, கிரைப் வாட்டர்

"பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கு", அதாவது கழுத்து சுளுக்கிக்கொண்டது என்று ஆச்சி சொன்ன மறுநாள், இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பாட்டி வந்தார். பழைய நூல்சேலையை நாலாக மடித்து, அதில் பிள்ளையைக் கிடத்தி, ஒரு முனையைப் பாட்டியும் மறுமுனையை ஆச்சியும் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெல்ல உருட்டினார்கள். அழுகை நின்றது. பிள்ளை கண்ணை அகல விரித்துப் பாட்டியைப் பார்த்தது. எனக்கு நெஞ்சு பதறியது என்றாலும் அழுகை நின்றது உண்மை. இருபது நிமிடம் கழித்துப் பழையபடி ஆரம்பித்தது என்பதும் உண்மை. சேலையில் தாளத்தோடு ஆடுகிற எந்தப் பிள்ளையும் கொஞ்ச நேரம் அடங்கும். உரம் என்று கழுத்தில் எதுவும் விழுந்திருக்கவில்லை. கழுத்து நிற்காத பிள்ளையை வேகமாக உருட்டுவதும் குலுக்குவதும் ஆபத்து; தலைகீழாகப் பிடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே ஒரு பேர் இருக்கிறது. கையில் வளையலாகக் கட்டினால் போகட்டும், பிள்ளை வாயில் வைத்துக் கடிக்காத வரை. உள்ளுக்குக் கொடுப்பதுதான் சிக்கல். வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது; நம் நாட்டு வகையில் அது கூடுதலாகவே இருக்கும். விலங்குச் சோதனைகளில் புற்றுநோய் உண்டாக்கியதால், 1968இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டது. ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாம் சேர்த்துக் கல்லில் இழைக்கும் உரை மருந்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாராலும் அளக்க முடியாது. கல்லும் கையும் எவ்வளவு சுத்தம் என்பதும் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பாக்டீரிய விதைகள் பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும். மூக்கில், தொண்டையில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகலாம். தொக்கம் எடுக்கிறேன், உள்ளே சிக்கியதை வெளியே எடுக்கிறேன் என்று வாயில் ஊதுவது, சூடு போடுவது இவற்றையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள், சொல்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும். பெருங்காயத்தைக் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவும் வழக்கத்தில், தொப்புள் காய்ந்து தோல் புண்ணாகாமல் இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. அதில் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு சூடான கையின் தடவல்.

கிரைப் வாட்டரின் கதை சுவாரசியமானது. 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்தில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் தயாரித்தது. சதுப்பு நிலத்துக் காய்ச்சலுக்குக் கொடுத்துவந்த ஒரு மருந்தைப் பார்த்து உருவாக்கியதாகச் சொல்வார்கள். சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர், இவற்றோடு 3.6 சதவீதம் ஆல்கஹால். நூற்றாண்டுக்கும் மேலாக உலகமெங்கும் பிள்ளைகள் இதைக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியதில் அந்தக் கடைசிப் பொருளின் பங்கு என்ன என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளலாம். இப்போது கடையில் கிடைப்பதில் ஆல்கஹால் கிடையாது. கோலிக்கைத் தீர்க்கும் என்பதற்கு நல்ல சான்றும் கிடையாது. வாயுவை உடைக்கும் சிமெத்திகோன் சொட்டு மருந்தும் சோதனைகளில் வெறும் மருந்தில்லாச் சொட்டை விட மேலாக வரவில்லை. வயிற்றுப் பிடிப்புக்கான டைசைக்ளோமின் என்ற மருந்தை ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சுத் திணறலும் வலிப்பும் வந்திருக்கின்றன. கடைக்காரரிடம் "பிள்ளை வயித்து வலிக்கு ஏதாவது குடுங்க" என்று வாங்குகிறவர்கள் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கொஞ்சம் நம்பிக்கை தருவது லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி என்ற நல்ல பாக்டீரியாச் சொட்டு. இத்தாலியின் டூரின் நகரத்தில் நடந்த ஆய்வுகளில் தாய்ப்பால் குடிக்கும் கோலிக் பிள்ளைகளின் அழுகை குறைந்தது. 2014இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் நடந்த பெரிய ஆய்வில் குறையவில்லை. புட்டிப்பால் பிள்ளைகளுக்குப் பலன் தெரியவில்லை. குறைமாதப் பிள்ளைகளுக்கு இதனால் தொற்று வரும் அபாயம் உண்டு. மருத்துவர் சொல்லாமல் வாங்க வேண்டாம்.

அப்படியானால் இத்தனை வீட்டில் இத்தனை மருந்து எப்படிக் 'கேட்டது'? மலையை நினைத்துப் பாருங்கள். அழுகை உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்து தேடி அலைகிறோம். உச்சிக்கு அடுத்தது இறக்கம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. எட்டாவது வாரத்தில் எந்தக் காக்கை உட்கார்ந்திருக்கிறதோ அதற்குப் பேர் கிடைக்கிறது.

அந்த மூன்று மணி நேரத்தில்

முதலில் பசியா, ஈரமா, வியர்க்கிறதா, குளிர்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பால் குடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விட வையுங்கள். பிறகு, பெரும்பாலும் எல்லாக் குடும்பமும் தானாகவே கண்டுபிடிக்கிற ஒன்று: தூக்கிக்கொண்டு நடப்பது.

இதை ஜப்பானின் ரிக்கென் ஆய்வு மையத்தில் குமி குரோடா குழுவினர் அளந்தே பார்த்தார்கள். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அழுகை குறைவதோடு இதயத் துடிப்பும் இறங்குகிறது. சும்மா உட்கார்ந்து மடியில் வைத்திருந்தால் அவ்வளவு இறங்குவதில்லை. 2022இல் அவர்கள் சொன்ன வழிமுறை எளிது. சீரான நடையாக 5 நிமிடம் நடக்க வேண்டும். தூங்கிய பிறகு உடனே கிடத்தாமல் 5 முதல் 8 நிமிடம் மடியிலேயே வைத்து உட்கார்ந்திருந்து, அப்புறம் கிடத்த வேண்டும். பிள்ளையை எழுப்பிவிடுவது மெத்தை இல்லை. நம் உடம்பை விட்டு அது பிரிகிற அந்த நொடிதான். இது தெரியாமல் நான் எத்தனை தடவை, தூங்கிவிட்டாள் என்று அவசரமாகக் கீழே வைத்து, முதலில் இருந்து ஆரம்பித்திருக்கிறேன்!

தூக்கிவைத்துக்கொண்டே இருந்தால் கைச்சூடு பழகிவிடும் என்பார்கள். ஒரு மாதப் பிள்ளைக்கு அந்தக் கவலை வேண்டாம். கலஹாரிப் பாலைவனத்துக் குங் சான் மக்கள் பிள்ளையை நாளெல்லாம் உடம்போடு கட்டிச் சுமக்கிறவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கும் முதல் மாதங்களில்தான் அழுகை அதிகம். அடிக்கடி அழவும் செய்கின்றன. ஆனால் ஒவ்வொரு அழுகையும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. 1986இல் கனடாவின் மாண்ட்ரியலில், சாதாரணப் பிள்ளைகளை வழக்கத்தை விடக் கூடுதல் நேரம் தூக்கிவைத்திருக்கச் சொன்னபோது, ஆறாவது வாரத்தில் அழுகை 43 சதவீதம் குறைவாக இருந்தது. கோலிக் பிள்ளைகளிடம் பிறகு செய்து பார்த்ததில் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் தூக்கியும் அது அழுதால் உங்கள் கையில் குறை இல்லை.

மின்விசிறியின் சீரான இரைச்சல் உதவும். 'உஷ்ஷ்' என்று காதருகே நீட்டிச் சொல்வது உதவும். செல்போனில் சத்தம் வைத்தால் 2 மீட்டர் தள்ளி, தணிவாக வையுங்கள். விளக்கை அணைத்து, டிவியை நிறுத்தி, பார்க்க வந்தவர்களை முன்னறையோடு அனுப்பிவிடுவது இன்னும் உதவும். மெல்லிய பருத்தித் துணியில் கையை அடக்கிச் சுற்றலாம்; இடுப்பும் காலும் தாராளமாக அசைய வேண்டும், நம் ஊர் வெயிலில் வேர்க்கக் கூடாது, மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும், புரளப் பார்க்கிற வயது வந்ததும் நிறுத்திவிட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் சாயங்காலக் குளியல் சில பிள்ளைகளுக்குப் பிடிக்கும். என் மகள் அதற்கும் சேர்த்து அழுதாள்.

தூளியைப் பற்றி. அம்மா சேலையில் கட்டிய தூளியின் ஆட்டம் எந்தப் பிள்ளையையும் கிறங்க வைக்கும். ஆனால் வளைந்த துணிக்குள் தாடை நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடலாம். கிடக்கிற பிள்ளையின் முகம் வெளியே தெரிகிற மாதிரி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து ஆட்டுவது மட்டும்தான் சரி. தூங்கியதும் சமமான, கெட்டியான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். மூத்த பிள்ளைகள் அதில் ஊஞ்சல் ஆடிக் கழுத்தில் சேலை இறுகிய செய்திகளை எல்லோரும் படித்திருப்போம். வேலை முடிந்ததும் சேலையை அவிழ்த்துச் சுருட்டி மேலே போட்டுவிட வேண்டும்.

கோலிக் என்று விட்டுவிடக் கூடாத அழுகை

எங்கள் டாக்டர் ஏன் கால் விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார் என்று கேட்டேன். பிரசவித்த அம்மாவுக்கு முடி கொட்டும்; அதில் ஒரு முடி பிள்ளையின் விரலில் சுற்றி இறுகி, விரல் வீங்கிப்போய், பிள்ளை கதறிக்கொண்டிருக்கும்; வீட்டில் வயிற்று வலி என்று ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள் என்றார். அன்றிலிருந்து தினமும் குளிப்பாட்டும்போது பத்து விரலையும் பார்த்தேன்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், கல் போன்ற வயிறு, தொடை இடுக்கிலோ விதைப்பையிலோ புடைப்பு, உச்சிக்குழி மேடாக எழும்புவது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, மூச்சு வாங்குவது, வலிப்பு, கீச்சென்ற அல்லது முனகலான வழக்கமில்லாத அழுகை ஆகியவையும் அப்படியே. கால் மணிக்கு ஒரு தரம் காலை மடக்கி வீறிட்டு, இடையில் வெளிறிச் சோர்ந்து கிடந்தால், குடல் குடலுக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். இது மூன்று மாதத்துக்கு மேல்தான் அதிகம் வரும். நாளுக்கு ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் போனாலும், எடை ஏறாவிட்டாலும் காட்டிவிடுங்கள். தினமும் சாயங்காலம் அழுகிற பிள்ளை திடீரென்று ஒரு நாள் காலையில் வேறு குரலில் அழுதால், அந்த வித்தியாசத்தை உங்கள் காது கண்டுபிடிக்கும். காது சொல்வதை நம்புங்கள்.

நமக்கு

ஆறாவது வாரம், அந்த 10.20 இரவில், பிள்ளையைப் பிடித்திருந்த என் கை இறுகியது. எனக்கே தெரிந்தது. படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, அறைக் கதவைச் சாத்தாமல் கிணற்றடிக்குப் போய் நின்றேன். பத்து நிமிடம். அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். அதனால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆத்திரத்தில் ஒரே ஒரு முறை பிள்ளையைப் பிடித்துக் குலுக்கினாலும் மூளைக்குள் இரத்தம் கசியலாம், பார்வை போகலாம், உயிரே போகலாம். இப்படிக் குலுக்கப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகளின் வயதைக் குறித்தாலும் அழுகை மலை மாதிரியே ஒரு மலைதான் தெரிகிறது, உச்சி மட்டும் சில வாரம் தள்ளி. கிடத்திவிட்டு விலகி நிற்பதைப் பெரிய குற்றமாக யாரும் நினைக்க வேண்டாம்.

மாற்றிப் பிடிக்க ஆள் வேண்டும். சனிக்கிழமை வருகிற அப்பா பிள்ளையைக் கொஞ்சிவிட்டுத் திரும்பிப் போகாமல் ஆறரை மணி ஷிப்டை எடுத்துக்கொள்ளட்டும். அம்மாவுக்கு இரண்டு வாரமாகப் பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, தனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றுகிறது என்றால், "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று தட்டிவிடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பதின்மூன்றாவது வாரம் எப்படிப் போனது என்று எனக்கு நினைவில்லை. உரம் எடுத்த பாட்டிதான் சரியாக்கினார் என்பது ஆச்சியின் கட்சி. அம்மா கிரைப் வாட்டர் கட்சி. சென்னையில் இருந்து தான் வாங்கிவந்த சொட்டு மருந்துதான் காரணம் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார். காலண்டரை எடுத்துப் பார்த்தால் அந்த வாரத்துக் கட்டங்கள் காலியாக இருக்கின்றன. அடுத்த தாளில், அதே பென்சிலில், அம்மா கையெழுத்தில் இருக்கிறது: பால் பாக்கி 340.